சில்லுக்கு மேல் ஒரு குளியலறை

இந்த இதழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். நான் 2004 சுனாமியில் அப்பாவின் வள்ளமும் வலையும் போன பிறகு, பதினாறு வயதில், முல்லைத்தீவில் பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை எழுதச் சொன்னவர் எங்கள் வீதியில் இருக்கும் ஓர் அண்ணர். "உம்மட கரவன் கதையை எழுதும், புதுசா வந்த சனத்துக்கு உதவும்" என்றார். "கக்கூஸ் கதையையே அண்ணை எழுதச் சொல்லுறியள்?" என்று கேட்டேன். "ஓம், அதைத்தான்" என்றார்.

நான் மெல்பேணில், டண்டினோங்குக்குத் தெற்கே ஒரு கரவன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கரவன் என்பது காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. நீங்களும் பெருந்தெருவில் கண்டிருப்பீர்கள். இந்த நாட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, கரவனை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறார்கள். முதன்முதல் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் சட்டி பானையோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஊர் ஊராய் அலைந்தது உயிருக்குப் பயந்து. இவர்கள் அதைக் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

2012 ஒக்ரோபரில் படகில் வந்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதியில்லை. 2015 இல் அனுமதி கிடைத்ததும் கோழி வெட்டும் இடத்தில் நின்றேன். 2018 இல் இந்தத் தொழிற்சாலைக்கு மாறினேன். என்னை விட்ட பகுதி குளியலறைப் பகுதி. குளிக்கிற பெட்டி, ரொயிலெற், கை கழுவும் தொட்டி, தண்ணீர்க் குழாய்கள், பம்ப் எல்லாம் பூட்டுவது எங்கள் வேலை. ஒரு கிழமையில் எத்தனை பூட்டியிருப்பேன் என்று எண்ணுவதை விட்டு நாளாகிவிட்டது. எனக்கென்று ஒன்று பூட்டுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கும்போதுதான் நான் படகேறினேன். மகள் 2013 தையில் பிறந்தாள். தற்காலிக விசாவில் இருந்தவர்கள் குடும்பத்தைக் கூப்பிட முடியாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2023 மாசியில் அரசாங்கம் வழி திறந்து, அந்த வருடமே எனக்கு நிரந்தர விசா கிடைத்தது. மார்கழியில் திருச்சியில் பத்து நாட்கள் மனைவியையும் மகளையும் பார்த்தேன். 2025 பங்குனியில் அவர்கள் இங்கு வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தொலைபேசியில் "அப்பா, அப்பா" என்று கதைத்த பிள்ளை, நேரில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதும் வேண்டுமென்றால் தாயிடம் சொல்வாள், தாய் என்னிடம் சொல்வாள். தாய் இல்லாத நேரத்தில் நான் கூடத்தில் இருந்தால் அவள் அறைக்குள் போய்விடுவாள். அதில் அவளுடைய பிழை ஒன்றுமில்லை.

சித்திரைப் பள்ளி விடுமுறையில் நண்பர்களின் குடும்பங்களோடு பல்லரற்றுக்குப் போனோம். தங்கம் தோண்டிய ஊர், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று. டண்டினோங்கிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம். வழியில் எண்ணெய் அடிக்கும் இடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். மனைவி இறங்கவில்லை. "எனக்கு வேண்டாம்" என்றாள். பல்லரற்றிலும் போகவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்காமலே திரும்பி வந்தது. அடுத்த இரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. வைத்தியர் சிறுநீரில் கிருமி என்றார். "நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது" என்று நான் மொழிபெயர்க்கக் கூடியதாகவே சொன்னார். ஊரிலும் இந்த வருத்தம் பலமுறை வந்திருக்கிறது. தொலைபேசியில் அவள் அதைச் சொன்னதில்லை.

அன்றிரவு கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். 2009 இல் முகாமில் இருந்தபோது தகரத்தால் அடைத்த மலசலகூடங்கள் ஒரு வரிசையில் இருந்தன. விடியப்புறம் மூன்று மணிக்கே சனம் வரிசையில் நிற்கும். இரவில் இளம்பெண்கள் தனியே போகப் பயம். அதனால் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். "கதவுக்கு வெளியில ஆக்கள் நிண்டால் எனக்கு இண்டைக்கும் வராதப்பா" என்றாள். இங்குள்ள பொது மலசலகூடங்கள் துப்புரவானவைதான், கதவுக்குப் பூட்டும் உண்டு. ஆனால் கீழேயும் மேலேயும் இடைவெளி விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை. வெளியில் சப்பாத்துக் கால்கள் தெரியும். அவளுக்கு அது போதும்.

நானும் அந்த முகாமில்தான் இருந்தேன். ஆண்கள் பக்கம் இருந்த எனக்கு இது தெரியவில்லை. படகில் பின்புறம் பலகையைக் கட்டி, சாக்கு மறைத்து, அதில் குந்தியிருந்து கடலுக்குள் போவோம். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு அலையைப் பற்றித்தான் சொல்வேன். சாக்கைப் பற்றிச் சொன்னதில்லை. ஆகவே அவள் பதினாறு வருடம் சொல்லாததைப் பற்றி நான் என்ன பேசுவது?

ஆனி மாதத்தில் ஒரு பழைய கரவன் விலைக்கு வந்தது. 16 அடி, கூரையை மேலே தூக்கிவிடும் வகை, 1990களின் கடைசியில் செய்தது. குளியலறை இல்லை. 4500 டொலர். மனைவி நெற்றியைச் சுருக்கினாள். "இந்தக் காசுக்குத் தங்கச்சிக்கு ஒரு தாலிக்கொடி" என்றாள். சரிதான். ஆனாலும் வாங்கினேன். எங்கள் பழைய டீசல் வாகனம் அதை இழுக்கும் என்பதைப் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாங்கினேன். இதை நீங்களும் முதலில் பார்க்க வேண்டும். எந்த வாகனத்துக்கும் இவ்வளவு கிலோதான் இழுக்கலாம் என்று எல்லை உண்டு. கரவனுக்கும் சாமான் எல்லாம் ஏற்றினால் மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு தகட்டில் அடித்திருக்கும். எங்களுடையது வெறுமையாக 1100 கிலோ, எல்லாம் ஏற்றி 1400. ஆகக் கையில் இருப்பது 300 கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்தால் இந்த 300 கிலோ வெகு சீக்கிரம் முடிந்துவிடும்.

தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் சிறுவயதில் கிரேக்கத்திலிருந்து வந்த வயதான மனிதர். குளியலறையைப் பின்மூலையில் வைக்கப் போகிறேன் என்றேன். ஏனென்றால் பின்மூலையில் பழைய உடுப்பு அலுமாரி இருந்தது, அதைக் கழற்றினால் இடம் கிடைக்கும். அவர் ஒரு கரண்டியை விரலில் நிறுத்தி வைத்து, பின்பக்கத்தை மெல்லத் தட்டினார். முன்பக்கம் மேலே போனது. பின்னால் பாரம் கூடினால் காரின் கொளுக்கியில் இருக்கிற பாரம் குறையும். அது குறைந்தால் வேகத்தில் கரவன் பாம்பு மாதிரி நெளியும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு கொளுக்கியில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள பொதுக் கணக்கு. ஆகவே குளியலறையைப் பின்மூலையில் வைத்தாலும், 60 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கியை அச்சுக்குச் சற்று முன்னால், தரைக்குக் கீழே வைத்தேன். கனமான சாமான்களை முன்பக்கப் பெட்டிக்கு மாற்றினேன். ஏழு வருடமாகப் பூட்டுகிறேன், ஏன் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். தொழிற்சாலையில் எங்களிடம் வருவது அளவு குறித்த பலகை. யோசிப்பது வேறு ஆட்கள்.

அலுமாரியைக் கழற்றியதும் வந்தது முதல் அடி. உள்ளே மரச்சட்டம் கறுத்து, கையால் பிட்டால் உதிர்ந்தது. கூரை விளிம்பில் எங்கோ ஒரு துளையால் வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று நிற்கும், உள்ளே மரம் மாவாகியிருக்கும். பழைய கரவன் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி இதுதான்: மூலைகளை உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நான் தொழிலில் இருந்துகொண்டே அழுத்திப் பார்க்க மறந்தேன். இரண்டு சனி ஞாயிறு அந்த மரத்தை வெட்டி எடுத்துப் புதிதாகச் சட்டம் போடுவதில் போனது.

ஆடி மாதம் இங்கு நல்ல குளிர். வேலை முடிந்து வந்து, கொட்டகையில் விளக்கைப் போட்டு, கம்பளித் தொப்பியோடு வேலை செய்வேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் அதை மகள் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் வாசலில் நின்றாள். நான் வெளிச்சுவரில் ரொயிலெற் பெட்டிக்குக் கதவு வெட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த ரொயிலெற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைக் கசெற் ரொயிலெற் என்பார்கள். இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருக்கும். 18 லீற்றர் அளவு கொள்ளும். இருக்கைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தட்டு. கைபிடியைத் திருப்பினால் தட்டு விலகும், எல்லாம் கீழே இறங்கும், மறுபடி திருப்பினால் மூடிக்கொள்ளும். மணம் வராது. பெட்டி நிறைந்ததும் கரவனுக்கு வெளியே போய், சுவரில் உள்ள சின்னக் கதவைத் திறந்து, பெட்டியை இழுத்தெடுத்து, கழிவு ஊற்றுவதற்கென்று ஊர்ச்சபைகளும் கரவன் தங்குமிடங்களும் வைத்திருக்கிற இடத்தில் ஊற்ற வேண்டும். காட்டுக்குள் ஊற்றுவது குற்றம். பெட்டிக்குள் மணத்தை அடக்க மருந்து விடுவார்கள். அதனால் மண்ணுக்குள் குழி தோண்டிக் கட்டிய மலசலகூடங்களிலும் கண்டபடி ஊற்றக் கூடாது, அங்குள்ள நல்ல கிருமிகளைச் சில மருந்துகள் கொன்றுவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் கீறல் விழுந்து ஒதுக்கிய ஒரு ரொயிலெற்றை மேற்பார்வையாளர் எழுத்தில் அனுமதி வாங்கி 300 டொலருக்குத் தந்தார். கீறல் பின்பக்கம், சுவரோடு மறைந்துவிடும்.

சரி, கதவு வெட்டிய கதை. உள்ளே அளந்து, வெளியே குறித்து, அறுத்தேன். முதலில் நான்கு மூலையிலும் உள்ளிருந்து சின்னத் துளை போட்டு, அந்தத் துளைகளை வெளியே பார்த்து அறுப்பதுதான் முறை. எனக்கு அவசரம். பாதியில் வாள் வேறு சத்தம் போட்டது. சட்டத்தின் நிலைமரத்தில் ஏறியிருந்தேன். நான்கு சென்ரிமீற்றர் தள்ளி வெட்டியிருக்கிறேன். நல்ல தகட்டில் ஓட்டை. என் வாயில் வந்த வார்த்தையை இங்கு எழுத முடியாது. அப்போதுதான் வாசலில் மகள் நிற்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாட்ட சொல்லமாட்டன்" என்றாள்.

வெட்டினதைச் சொல்கிறாளா, வார்த்தையைச் சொல்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவள் அரை மணித்தியாலம் நின்று விளக்குப் பிடித்தாள். அடுத்த நாள் கேட்காமலே வந்தாள். அளவு நாடாவின் மற்ற முனையைப் பிடிப்பது, ஆணிகளைத் தரம் பிரிப்பது, நான் சொல்கிற அளவை மட்டையில் எழுதுவது எல்லாம் அவள் வேலை ஆனது. வேலை செய்யும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. அதனால் கதைப்பது சுலபம் போலும். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் புட்டுக் கொண்டுபோனால் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதை, ஊரில் அம்மம்மா தனியே இருப்பதை, எல்லாம் ஆணி பொறுக்கியபடி சொன்னாள். ஒருநாள், "நீங்கள் ஏன் நான் பிறக்க முதலே போனீங்கள்?" என்றும் கேட்டாள். அப்போது நான் தரையில் படுத்துக் குழாய் பூட்டிக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. படுத்தபடியே, என்னைத் தேடி வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அவள் விளக்கை அசைக்காமல் பிடித்திருந்தாள்.

தரைக்கு 15 மில்லிமீற்றர்ப் பலகை, அதன்மேல் கண்ணாடியிழைத் தட்டு. சுவர்களுக்கும் கண்ணாடியிழைத் தகடு. உள்ளளவு ஒரு மீற்றருக்கு 80 சென்ரிமீற்றர். ரொயிலெற்றும் குளிப்பும் ஒரே இடம். பொருத்துகளுக்கு வீட்டுக் குளியலறையில் பூசுகிற சாதாரண சிலிக்கன் போடவில்லை. வீடு அசையாது. கரவன் ஓடும்போது சுவர், தரை, கூரை எல்லாம் தனித்தனியே அசையும். ஒட்டிக்கொண்டு றப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கிற பசை வேண்டும். எங்கள் வேலையில் சிக்காபிளெக்ஸ் பாவிப்போம், அதையே வாங்கினேன். ஒரு திருகாணித் துளையையும் பசை இல்லாமல் விடக் கூடாது. தண்ணீர் போகிற துளை தொழிற்சாலைக் கரவனில் ஒன்றுதான் இருக்கும். நான் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வைத்தேன். நிறுத்துகிற இடம் எப்போதும் சமமாக இராது, ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். இதை வேலையிடத்தில் சொல்லிப் பார்த்தேன். செலவு கூடும் என்றார்கள்.

கூரையில் 14 அங்குலச் சதுரமாக வெட்டி, மின்விசிறியுள்ள மூடி பூட்டினேன். இது இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். விளக்கு, விசிறி, பம்ப் எல்லாம் பற்றரியில் ஓடும் 12 வோல்ற். 240 வோல்ற் மின்சார வேலையும் எரிவாயு வேலையும் உரிமப்பத்திரம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். "நான் செய்து தாறன், அரைவாசிக் காசு" என்று வருகிற எங்கள் ஆட்களையும் விடாதீர்கள். எரிவாயுவில் பிழைத்தால் இரண்டாம் தரம் திருத்த ஆள் இருக்காது. உரிமம் உள்ளவரைக் கொண்டு சுடுதண்ணீர்ப் பெட்டி பூட்டக் கேட்ட விலை என் கைக்கு எட்டவில்லை. அதனால் குளிர்தண்ணீர் ஷவர் மட்டும். கோடை வந்தால் பார்க்கலாம் என்று விட்டேன்.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகுதான் பெரிய பிரச்சினை தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது மகள். வெள்ளைக்காரர் கடதாசி பாவிக்கிறார்கள், நாங்கள் தண்ணீர் பாவிக்கிறோம். நான் பூட்டிய நூற்றுக்கணக்கான ரொயிலெற்றுகளும் கடதாசிக்காரருக்குக் கணக்கிட்டவை. மகள் அளவுக் கோப்பையும் மட்டையும் எடுத்துவந்தாள். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் முக்கால் லீற்றர் தண்ணீர். செம்பில் கழுவினால் 1.2 லீற்றர். ஆள் கழிப்பது 300 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டாள். மொத்தம் 2.25. மூன்று பேர், ஆளுக்கு ஐந்து தடவை, பதினைந்து தடவை. கிட்டத்தட்ட 34 லீற்றர். பெட்டி 18 லீற்றர். "மத்தியானத்துக்கு நிரம்பிடும் அப்பா" என்றாள். மனைவிக்கு இதைச் சொன்னால் மறுபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று நாள் யோசித்தோம். கடைசியில் வாய் சிறுத்த, அமுக்கினால் பீச்சுகிற பிளாஸ்ரிக் போத்தல் வாங்கினோம், சோஸ் விடுகிற மாதிரி. அதில் 400 மில்லிலீற்றரில் துப்புரவாகக் கழுவலாம் (இதைப் பரிசோதித்தவன் நான்). பொத்தானை நீள அமுக்காமல் தொட்டு விட்டால் 300 மில்லிலீற்றர். ஆக ஒரு தடவைக்கு ஒரு லீற்றர், நாளுக்குப் பதினைந்து. பெட்டிக்கு அடக்கம். அதோடு 150 டொலருக்குப் பழைய பெட்டி இன்னொன்றும் வாங்கி முன்பக்கத்தில் வைத்தோம். மகள் கணக்கு எழுதிய மட்டையைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள். விருந்தாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மனைவி கேட்டாள். விருந்தாளிகளுக்குத்தான் இது முக்கியம் என்றாள் மகள்.

புரட்டாதி கடைசியில் பள்ளி விடுமுறைக்கு லேக்ஸ் என்ரன்ஸ் போனோம். கிழக்கே, கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். போவதற்கு முதல் நாள் எல்லாம் ஏற்றிப் பொது நிறுவை நிலையத்தில் கரவனை நிறுத்துப் பார்த்தேன். 1365 கிலோ. எல்லைக்குள் 35 கிலோ மிச்சம். அரிசி மூடையை இறக்கிவிட்டு ஐந்து கிலோ மட்டும் எடுக்கச் சொன்னேன்.

புறப்பட்டு ஒன்றரை மணித்தியாலத்தில் வழியில் ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினேன். மரங்களுக்குப் பக்கத்தில், மற்ற வாகனங்களுக்கு எட்ட. கூரையைத் தூக்கிவிட்டு நானும் மகளும் தூரத்தில் ஒரு மேசையில் போய் இருந்தோம். கரவன் பக்கம் பார்க்கவில்லை. மகள் முன்கூட்டியே, "அப்பா, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி இருங்கோ" என்று சொல்லிவிட்டாள். சற்று நேரத்தில் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. டக்டக்கென்று ஓடி நின்றது. மகள் ஒரு விரலை நீட்டினாள், ஒன்று என்று கணக்கு. மனைவி வெளியே வந்து படியில் இருந்து, போத்தலை எடுத்து, தண்ணீர் குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. "வெய்யில் ஏறுது, வெளிக்கிடுவம்" என்றாள்.

லேக்ஸ் என்ரன்ஸ் மீன்பிடி ஊர். துறையில் படகுகள் வரிசையாக நிற்கும். டீசலும் மீனும் கலந்த மணத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அதை எழுதப் போனால் வேறு கட்டுரை ஆகிவிடும். அங்கே மூன்று இரவு தங்கினோம். இரண்டாம் நாள் காலை மனைவி கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, வாளியில் குளிர்தண்ணீரோடு கலந்து, என் கண்ணாடியிழைப் பெட்டிக்குள் கொண்டுபோய், சுண்டு ஒன்றால் அள்ளிக் குளித்தாள். ஒரு வாளி, பத்து லீற்றர். ஷவரை அவள் திறக்கவே இல்லை. "உது ஊசி மாதிரிக் குத்துது, தோளில விழுந்தாத்தான் குளிச்ச மாதிரி" என்றாள். நான் அந்த ஷவருக்கு இரண்டு நாள் செலவழித்தவன். மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பெட்டியை ஊற்றுவது என் வேலை. முதல்முறை மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவரும் தன் பெட்டியை ஊற்ற வந்தார். எங்கள் கரவனைக் காட்டி, குளியலறை யார் போட்டது என்று கேட்டார். கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுப்போட்ட தகடு தெரிந்திருக்க வேண்டும். என் மகளும் நானும் என்றேன்.

எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். கதவு ஈரத்தில் ஊதி, இழுத்து அடிக்க வேண்டியிருக்கிறது. குளித்த தண்ணீர் சேரும் தாங்கி 30 லீற்றர்தான், ஒரே நாளில் நிரம்பிவிடுகிறது. அந்தத் தண்ணீரையும் பல இடங்களில் நிலத்தில் விட அனுமதியில்லை. திரும்பி வரும் வழியில் தாங்கியின் ஒரு பூட்டுத் தளர்ந்து ஒழுகியது. நான் அடுத்தவர் கரவனில் அதை இரண்டுதரம் முறுக்கிப் பார்ப்பவன். மொத்தச் செலவு, கரவன் நீங்கலாக, 2100 டொலர். கடன் அட்டையில் 600 இன்னும் நிற்கிறது.

மனைவிக்கு சிட்னி முருகன் கோவிலுக்கு ஒரு நேர்த்தி இருக்கிறது, நான் உயிரோடு கரை சேர்ந்ததற்கு 2012 இல் வைத்தது. போக 850 கிலோமீற்றருக்கு மேல், வழியில் ஓர் இரவு தங்க வேண்டும். அம்மா இப்போது கூடத் தண்ணீர் குடிக்கிறா, அந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும் என்று மகள் புது மட்டை ஒன்று எடுத்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை கதவைக் கழற்றிச் சீவ வேண்டும்.